லேப்டாப்ல ஓடுற இலை எடை ஆப், கிளவுட்ல ஏத்துனா 502 வருது – யாராச்சும் பாத்து சொல்லுங்க

கொழுந்துமூட்டை:

வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் இருந்து எழுதுறேன். போன்ல தமிழ் கீபோர்டு மட்டும்தான் வெச்சிருக்கேன், அதனால கோடு, எரர் எல்லாத்தையும் தமிழ்லயே தட்டிருக்கேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எங்க மாமா லீஃப் ஏஜென்ட். சுத்துப்பட்டுல 140 பேர்கிட்ட பச்சைத்தேயிலை எடுத்து ஃபேக்டரிக்கு லோடு அனுப்புறாரு. இத்தனை வருஷமா எல்லாம் நோட்டுதான், பேருக்கு நேரா கிலோ, தண்ணிக்கழிவு (ஈரத்துக்கு கழிக்கிறது), மிச்சம், அவ்வளவுதான். மாசக் கடைசில அத்தை உக்காந்து கூட்டுவாங்க, அப்பவும் ரெண்டு பேராச்சும் "என் கணக்குல 40 கிலோ குறையுது"ன்னு வாசல்ல வந்து நிப்பாங்க. நான் காலேஜ் முடிச்சிட்டு வேலை தேடிட்டு இருக்கேன் (மாமா பாஷைல "சும்மா இருக்கான்"), அதனால ஒரு ஆப் போட்டுக் குடுறான்னு சொல்லிட்டாரு. பின்னாடி சர்வர் வேலைக்கு நோட் ஜேஎஸ், எக்ஸ்பிரஸ். முன்னாடி ஸ்க்ரீனுக்கு ரியாக்ட், வைட்ல பில்டு (எழுதுன கோட பிரவுசருக்கு ஏத்த மாதிரி கட்டுறது). டேட்டாபேஸ் எஸ்க்யூலைட், மொத்தமும் ஒரே ஃபைல்ல. லேப்டாப்ல அருமையா ஓடுது.

முதல்ல தெரிஞ்ச ஒருத்தர் ஷேர்டு ஹோஸ்டிங் குடுத்தாரு, எஃப்டிபில (ஃபைல சர்வருக்கு அனுப்புற வழி) ஏத்துன்னாரு. நானும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரோட (ஆப்புக்கு வேண்டிய பேக்கேஜ் எல்லாம் கிடக்கிற ஃபோல்டர்) சேத்து இழுத்து விட்டேன். ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சது விடிஞ்சும் முடியல, நடுவுல கரன்ட் வேற போச்சு. ஒரு வழியா ஏறுனப்புறம் பீகிரிப்ட்ல (பாஸ்வேர்டு பேக்கேஜ்) "இன்வேலிட் ஈஎல்எஃப் ஹெட்டர்"னு வந்துச்சு. அத விட்டுட்டேன்.

இப்ப கோட கிட்ஹப்ல (கோடு சேமிக்கிற சைட்) போட்டு ஒரு இலவச கிளவுட் ஹோஸ்டிங்ல இணைச்சிருக்கேன், பேரு வேண்டாம். முதல் தடவை பில்டே ஆகல, எடை ஃபார்ம் காம்போனென்ட் கிடைக்கலன்னு சொல்லுது, ஆனா ஃபைல் அங்கதான் இருக்கு, கண்ணு முன்னாடி. கடுப்பாகி அந்த கோட எடுத்து மெயின் ஃபைல்லயே ஒட்டிட்டேன், பில்டு ஆயிடுச்சு. இப்ப லிங்க்க திறந்தா 502 (ஆப் பக்கம் இருந்து சரியான பதில் வரலங்கிற எரர்). லாக்ல பாத்தா "சர்வர் 3000ல ஓடுது"ன்னு நான் எழுதுன வரியே வருது. ஓடுதுன்னா ஏன் திறக்க மாட்டேங்குது? இல்ல பேசாம விபிஎஸ் (நம்மளே பாத்துக்கிற வாடகை சர்வர்) எடுக்கணுமா? மாசம் 500 ரூபாய்க்கு மேல மாமா சத்தியமா தர மாட்டாரு.

பழைய_சர்வர்காரன்:

தம்பி, குன்னூர்ல இருந்து. 502க்கு முதல்ல வருவோம். லிசன் வரில (சர்வர் எங்க காத்திருக்கணும்னு சொல்ற வரி) 3000ன்னு போட்டு அடுத்து லோக்கல்ஹோஸ்ட்னும் குடுத்திருப்ப, சரியா? அங்கதான் சிக்கல். லோக்கல்ஹோஸ்ட்னா அந்த மெஷின் தனக்குத்தானே பேசிக்கிற விலாசம், 127.0.0.1. உன் லேப்டாப்ல பிரவுசரும் சர்வரும் ஒரே மெஷின்ல இருக்கு, அதனால ஓடுச்சு. கிளவுட்ல உன் ஆப் ஒரு கன்டெய்னருக்குள்ள (தனியா அடைச்ச பெட்டி மாதிரி) இருக்கு, வெளிய இருந்து வர்றத ஹோஸ்டிங்காரனோட ப்ராக்ஸி வாங்கி உள்ள தள்ளுது. அது வந்து கதவ தட்டுனா நீ உள்ரூம்ல தாப்பா போட்டுட்டு "ஓடுது ஓடுது"ன்னு தனியா சொல்லிட்டு இருக்க. ஹோஸ்ட 0.0.0.0ன்னு மாத்து, வெளிய இருந்து வர்றதுக்கும் கதவு திறக்கும். போர்ட்டையும் 3000ன்னு அடிச்சு வைக்காத, அவனே ஒரு நம்பர போர்ட்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல (வெளிய இருந்து குடுக்கிற செட்டிங்) குடுப்பான், ப்ராசஸ் டாட் என்வ் டாட் போர்ட்னு எடுத்துக்கோ, அது இல்லாட்டி 3000. அப்பதான் ரெண்டு இடத்துலயும் ஓடும்.

காணாமப் போன ஃபைலு: நீ விண்டோஸ்தானே? விண்டோஸுக்கு பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணுதான், லினக்ஸுக்கு வேற வேற. ஃபைல் பேர் பெரிய எழுத்துல ஆரம்பிச்சு இம்போர்ட்ல சின்ன எழுத்து போட்டிருப்ப. இதுல ஒரு கூத்து என்னன்னா நீ ஃபைல் பேர இப்ப மாத்துனாலும் விண்டோஸ்ல கிட் அத மாற்றமாவே எடுத்துக்காது, வேற ஏதோ பேருக்கு மாத்தி ஒரு கமிட் (கிட்ல பதியிறது), அப்புறம் சரியான பேருக்கு மாத்தி ஒரு கமிட், இல்லாட்டி கிட் எம்வி கமாண்ட்லயே மாத்து. ஒட்டுன கோட திருப்பி எடுத்துடு, பாக்கவே சகிக்காது.

ஈஎல்எஃப் கதையும் அதேதான். பீகிரிப்ட் மாதிரி சில பேக்கேஜ்ல சி++ல கம்பைல் ஆன துண்டு இருக்கும், விண்டோஸுக்குன்னு ஆனத லினக்ஸ் படிக்காது. நோட் மாட்யூல்ஸ் என்னைக்கும் ஏத்தக் கூடாது. கிட் இக்னோர்ல (கிட் எடுத்துக்கக் கூடாத ஃபைல் லிஸ்ட்) போடு, பேக்கேஜ் ஜேசனும் பேக்கேஜ் லாக் ஃபைலும் (எந்தப் பேக்கேஜ் வேணும்ங்கிற லிஸ்ட்) அனுப்புனா போதும், அங்க போய் அவனே இன்ஸ்டால் பண்ணிக்குவான். ஒரு ராத்திரி தூக்கத்த கெடுத்திருக்கியே.

ராத்திரிஷிப்ட்:

அண்ணா சொன்னது சரி, அதோட இன்னும் ரெண்டு மூணு இருக்கு தம்பி. ஊட்டில வீட்ல இருந்துதான் வேலை, இதே பொழப்பு, அதனால அடுத்து எங்க விழுவீங்கன்னு தெரியும்.

ஸ்டார்ட் கமாண்ட் நோடுமான்னு (கோடு மாறுனா தானா ரீஸ்டார்ட் பண்ற டூல்) இருந்தா மாத்திடுங்க, அது டெவ் டிபென்டென்சில (கோடு எழுதும்போது மட்டும் வேண்டிய பேக்கேஜ்) இருக்கும், புரொடக்‌ஷன்னு செட் பண்ணா அதெல்லாம் இன்ஸ்டாலே ஆகாது. இதே காரணத்தால சில சமயம் வைட்டே கிடைக்கலன்னு பில்டு விழும். ஸ்டார்ட்டுக்கு வெறும் நோட் கமாண்ட் போதும். என்வ் ஃபைல் (பாஸ்வேர்டு மாதிரி செட்டிங் எழுதி வைக்கிற ஃபைல்) கிட்ஹப்புக்கு போகக் கூடாது, போயிருந்தா அதுல இருக்கிற பாஸ்வேர்டு எல்லாத்தையும் இன்னிக்கே மாத்துங்க, டெலீட் பண்ணா மட்டும் பத்தாது, பழைய கமிட்ல அப்படியே கிடக்கும். வேரியபிள் எல்லாம் ஹோஸ்டிங் டாஷ்போர்டுல குடுக்கணும்.

ஃப்ரன்ட்எண்ட்ல (ஸ்க்ரீன் பக்கம்) ஏபிஐ முகவரி (சர்வர்கிட்ட கேக்குற விலாசம்) என்ன குடுத்திருக்கீங்க? லோக்கல்ஹோஸ்ட் 3000ன்னு இருந்தா ஒரு வேடிக்கை நடக்கும், உங்க லேப்டாப்ல கிளவுட் லிங்க்க திறந்தா எல்லாம் ஓடும் (ஏன்னா உங்க லேப்டாப் சர்வர்தான் பதில் சொல்லுது), மாமா போன்ல ஒண்ணும் வராது. எக்ஸ்பிரஸே டிஸ்ட் ஃபோல்டர (பில்டு ஆன பக்கங்கள்) குடுக்குதுன்னா வெறும் சாய்கோடு ஏபிஐன்னு ஆரம்பிச்சா போதும், சிஓஆர்எஸ் (வேற முகவரிக்கு கேட்டா பிரவுசர் போடுற தடை) தொல்லையும் இல்ல. தனித்தனியா வெச்சிருந்தா வைட்ல அதுக்குன்னு இருக்கிற முன்னொட்டோட வேரியபிள் பேர் குடுக்கணும், அதுவும் பில்டு ஆகும்போதே உள்ள ஒட்டிக்கும், அப்புறம் டாஷ்போர்டுல மாத்துனா திரும்ப பில்டு பண்ணாம மாறாது.

கடைசியா ஒரு கேள்வி, இதுதான் முக்கியம். எஸ்க்யூலைட்னு சொன்னீங்கல்ல, அந்த ஃபைல் எங்க இருக்கு?

கொழுந்துமூட்டை:

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் கும்பிடு போடணும். லோக்கல்ஹோஸ்ட்தான். 0.0.0.0 போட்டேன், ஏறிடுச்சு!! மாமா போன்லயும் வருது. அக்கா சொன்ன வேடிக்கை அப்படியே நடந்துச்சு, அரை மணி நேரம் மாமா போன்ல ஏதோ வைரஸ்னு நெனச்சு திட்டிட்டு இருந்தேன். எஸ்க்யூலைட் ஃபைல் ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயேதான் இருக்கு அக்கா, டேட்டான்னு ஒரு ஃபோல்டர். நல்லா சேவ் ஆகுது, செக் பண்ணிட்டேன். நாளைல இருந்து நிஜ எடையே போடப் போறோம்.

ராத்திரிஷிப்ட்:

வேண்டாம். நிஜ எடை போடாதீங்க. அந்த டிஸ்க் நிலைக்காது.

கொழுந்துமூட்டை:

அக்கா, நீங்க போட்ட மெசேஜ இப்பதான் பாக்குறேன். மூணு நாள் கழிச்சு. சேவ் பட்டன் கலர் பச்சையா இருந்தா நல்லா இருக்கும்னு அத்தை சொன்னாங்க, ஒரே ஒரு வரி மாத்தி புஷ் பண்ணேன். மூணு நாள் எடை மொத்தமா காணோம். 140 பேரு பேரும் காணோம். வெறும் டேபிள். எனக்கு கை கால் எல்லாம் நடுங்கிடுச்சு. நல்லவேளை அத்தை நம்பாம நோட்டுலயும் எழுதிட்டே இருந்திருக்காங்க, என்கிட்ட சொல்லவே இல்ல. நேத்து ராத்திரி பூரா அத்தை படிக்க நான் தட்ட, மறுபடி லேப்டாப்ல ஏத்தியாச்சு. மாமா ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் கஷ்டமா இருக்கு. பட்டன் கலருக்கும் டேட்டாபேஸுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_சர்வர்காரன்:

சம்பந்தம் இருக்கு. இந்த மாதிரி ஹோஸ்டிங்ல ஒவ்வொரு டிப்ளாய்க்கும் (நீ புஷ் பண்ற கோட ஏத்துறதுக்கு) பழைய கன்டெய்னர தூக்கிப் போட்டுட்டு கிட்ல இருக்கிறத வெச்சு புதுசா ஒண்ணு கட்டுவான். நீ ஓடும்போது எழுதுன எதுவும் கிட்ல இல்ல, அதனால புதுசுல அது இருக்காது. டிப்ளாய் பண்ணாட்டியும் அவன் மெஷின ரீஸ்டார்ட் பண்ணாலே போயிடும். இத அவன் டாக்குமென்ட்ல எழுதித்தான் வெச்சிருப்பான், நம்மதான் படிக்க மாட்டோம், நானும் ஒரு காலத்துல படிக்கல.

ராத்திரிஷிப்ட்:

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, காசு குடுத்து பெர்சிஸ்டன்ட் டிஸ்க் (அழியாத டிஸ்க்) சேத்து அதுல எஸ்க்யூலைட் ஃபைல வைக்கிறது. உங்க அளவுக்கு, ஒரே ஆள் எடை போடுறாருன்னா, அதுவே தாராளம், எஸ்க்யூலைட்ட யாரும் மட்டமா நினைக்க வேண்டாம். இன்னொண்ணு, ஆப்புக்கு வெளிய தனி சர்வரா ஓடுற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ். இலவச போஸ்ட்கிரஸ் எடுத்தா எத்தனை நாளைக்குன்னு பாத்துக்கோங்க, உதாரணத்துக்கு ரென்டர்ங்கிற ஹோஸ்டிங்ல இலவச டேட்டாபேஸ் 30 நாள்ல காலாவதி ஆயிடும். அங்கயே இலவச வெப் சர்வீஸ் 15 நிமிஷம் யாரும் வரலன்னா தூங்கப் போயிடும், அடுத்து திறக்கிறவருக்கு எந்திரிச்சு வர ஒரு நிமிஷம் கிட்ட ஆகும். இலை மூட்டையோட ஆள் க்யூல நிக்கும்போது ஒரு நிமிஷம் சுத்திட்டே இருந்தா மாமா போன தூக்கி எறிவாரு.

ரீஜன் ரொம்ப முக்கியம். ஆப்பும் டேட்டாபேஸும் ஒரே ஊர்ல இருக்கணும். ஆப் சிங்கப்பூர்ல, டேட்டாபேஸ் அமெரிக்கால வெச்சா ஒரு கேள்வி போயிட்டு வர 200 மில்லிசெகண்டு கிட்ட ஆகும். நீங்க 140 பேருக்கும் லூப் போட்டு ஒவ்வொருத்தருக்கா கேட்டிருந்தா (கேட்டிருப்பீங்க) ஒரு மாசக் கணக்கு திறக்க அரை நிமிஷம். ஒரே க்வெரில குரூப் பை (ஆள்வாரியா சேக்கிறது) போட்டு எடுங்க.

சுவிட்ச்போர்டு:

கூடலூர். இவ்வளவு சுத்துறதுக்கு பேசாம ஒரு விபிஎஸ் எடுத்துக்கலாம்ல. டிஜிட்டல் ஓஷன்ல 1 ஜிபி மெஷின் மாசம் 6 டாலர், பெங்களூர்லயே இருக்கு, டிஸ்க் அழியாது, தூங்காது. நோட் ஜேஎஸ் போட்டு, பிஎம்2ல (ஆப் நிக்காம பாத்துக்கிற டூல்) ஓட விட்டு, முன்னாடி ப்ராக்ஸியா என்ஜின்எக்ஸ் வெச்சு, செர்ட்பாட்ங்கிற டூல்ல ஹெச்டிடிபிஎஸ்க்கு லெட்ஸ் என்கிரிப்ட் சர்டிஃபிகேட் வாங்குனா முடிஞ்சுது. சர்டிஃபிகேட் 90 நாளுக்குத்தான், ஆனா அதுவே புதுப்பிச்சுக்கும். பிஎம்2 ஸ்டார்ட்டப், பிஎம்2 சேவ் ரெண்டையும் மறந்துடாதீங்க, மறந்தா மெஷின் ரீபூட் ஆன அன்னிக்கு ஆப் எந்திரிக்காது. பில்டு மட்டும் லேப்டாப்ல பண்ணி டிஸ்ட்ட அனுப்புங்க, சின்ன மெஷின்ல வைட் பில்டு போட்டா சில சமயம் மெமரி பத்தாம "கில்டு"ன்னு ஒரே வார்த்தைல செத்துரும், இல்லன்னா 2 ஜிபி ஸ்வாப் (டிஸ்க்குல கொஞ்சத்த மெமரியா வெச்சுக்கிறது) போட்டு வெச்சுக்கணும்.

பழைய_சர்வர்காரன்:

நான் ஒத்துக்க மாட்டேன். 20 வருஷம் சர்வர் பாத்தவன் சொல்றேன், விபிஎஸ் எடுக்கிறது மாடு வாங்குற மாதிரி, வாங்குறது ஒரு நாள், தீனி போடுறது தினம். அப்டேட் யார் போடுவா, எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையுறது) வர்ற 22ம் போர்ட்ட தட்டிட்டே இருக்கிற திருட்டு புரோகிராம்கள யார் பாப்பா, பேக்கப் யார் எடுப்பா? இந்தப் பையனுக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சு இறங்கிட்டான்னா அத்தையா எஸ்எஸ்ஹெச் பண்ணுவாங்க? அப்புறம் 6 டாலர்னா ஜிஎஸ்டி சேத்தா 500க்குள்ள நிக்காது. அமேசானோட ஏடபிள்யூஎஸ் கிளவுட் பக்கம் போறதா இருந்தா இன்னும் கவனம், 2024 பிப்ரவரி 1ல இருந்து பப்ளிக் ஐபிவி4 முகவரி ஒவ்வொண்ணுக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குறான், அதுவே மாசம் மூணரை டாலர் கிட்ட வந்துரும், மெஷின் காசு தனி. பட்ஜெட் அலர்ட் வெக்காம அங்க எதையும் தொடாத.

சுவிட்ச்போர்டு:

அண்ணா, மாடு உதாரணம் நல்லா இருக்கு ஆனா கத்துக்கணும்னா எப்பதான் கத்துக்கிறது? பையன் வேலை தேடுறான், இன்டர்வியூல என்ஜின்எக்ஸ் கேப்பாங்க.

பழைய_சர்வர்காரன்:

கத்துக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. அவன் சொந்த டப்பால கத்துக்கட்டும். 140 பேரோட இலைக் காசுல கத்துக்க வேண்டாம்.

கொழுந்துமூட்டை:

சண்டை போட்டுக்காதீங்க. மாமாகிட்ட 700 வரைக்கும் பேசி வாங்கிட்டேன். ஆப்பும் போஸ்ட்கிரஸும் ஒரே ரீஜன், ரெண்டும் காசு குடுக்கிற குட்டி பிளான். தினம் ராத்திரி பிஜி டம்ப் (போஸ்ட்கிரஸ் பேக்கப்) எடுத்து என் லேப்டாப்புக்கு வருது. ஒரு தடவை அழிச்சுட்டு திருப்பி ஏத்தியும் பாத்துட்டேன், வருது.

ஆனா புதுப் பிரச்சனை. எடை போட்டதும் வாட்ஸப்புக்கு ஸ்லிப் போகும், அந்த வரிய சர்வர்தான் தயார் பண்ணுது. நேத்து ஒரு அம்மா வந்து "நான் சாயந்தரம் ஆறு நாப்பதுக்கு குடுத்தேன், ஸ்லிப்ல மதியம் 1:10ன்னு இருக்கு, இது யார் எடை?"ன்னு சத்தம் போட்டுட்டாங்க. அவங்க எடைதான், கிலோ சரியாத்தான் இருக்கு. லேப்டாப்ல நேரம் சரியா வருதே?

பூண்டுமலை:

கொடைக்கானல் பக்கம்ப்பா, ஹோம்ஸ்டே புக்கிங் சைட் ஒண்ணு பாத்துக்கிறேன். இதுல நான் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமில்ல. உன் லேப்டாப் இந்திய நேரத்துல இருக்கு, கிளவுட் மெஷின் பெரும்பாலும் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், அஞ்சரை மணி நேரம் பின்னாடி. 6:40ல கழிச்சுப் பாரு, 1:10 வரும். நம்ம கெஸ்ட் ஒருத்தரு ராத்திரி ரெண்டு மணிக்கு அடுத்த நாளைக்கு புக் பண்ணாரு, சர்வருக்கு அது இன்னும் முந்தின நாள் ராத்திரி எட்டரை, செக்இன் ஒரு நாள் முன்னாடி விழுந்து ரூம் மாறி, அவரு இ-பாஸ் எல்லாம் எடுத்துட்டு வந்து நிக்கிறாரு, இங்க ரூம்ல வேற குடும்பம். 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் இல்லாம வெளியூர் வண்டி வர முடியாதுல்ல, அதனால வர்றவங்களுக்கு தேதின்னா தேதிதான்.

சேமிக்கிறத யூடிசிலயே சேமி, டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன் டைப்ல. காட்டும்போது மட்டும் டைம் ஸோன் ஆசியா கொல்கத்தான்னு குடுத்து மாத்து. டைம் ஸோன் சொல்ற டீஇசட்ங்கிற வேரியபிள ஆசியா கொல்கத்தான்னு டாஷ்போர்டுல போட்டாலும் ஓடும், ஆனா அது அப்போதைக்கு மருந்து மாதிரிதான், நாளைக்கு வேற ஹோஸ்டிங் மாறுனா திரும்ப இதே அம்மா வருவாங்க.

கொழுந்துமூட்டை:

அய்யோ அதுதானா. இன்னொண்ணும் புரியுது இப்ப. லோடு ஃபேக்டரிக்கு போய் சேர ராத்திரி 12 தாண்டிடும், கேட் எடைய அப்பத்தான் போடுவோம், அது முந்தின நாள் தேதில விழுது. ஆனா மாமா அதுதான் சரிங்கிறாரு, அது நேத்து எடுத்த இலை தானேங்கிறாரு. என் தப்பு அவருக்கு சரியாப் போச்சு.

பூண்டுமலை:

அப்படின்னா லோடு தேதின்னு டேபிள்ல தனியா ஒரு கட்டம் வெச்சிரு தம்பி, எடை போட்ட நேரம் வேற, எந்த நாள் இலைங்கிறது வேற. நேரத்துல இருந்து தேதிய கணக்கு போடாத, மாமாவையே தேர்ந்தெடுக்க விடு.

ராத்திரிஷிப்ட்:

சிக்னல் எப்படி அங்க? எடை போடுற ஷெட்ல நெட் நிக்குதா?

கொழுந்துமூட்டை:

நல்ல நாள்ல சிக்னல் ரெண்டு கோடு. மழைன்னா கரன்ட் போகும், டவரும் கூடவே போகும். சோலூர்மட்டம் பக்கம் இலை எடுக்கப் போனா சுத்தமா இல்ல. மாமா சேவ் சேவ்னு நாலு தடவை அமுக்கி ஒரே எடை நாலு தடவை ஏறிடுச்சு ஒருத்தருக்கு. அவரு மட்டும் வந்து கம்ப்ளைன்ட் பண்ணல.

ராத்திரிஷிப்ட்:

பண்ண மாட்டாரு 😄

சர்வருக்கு நேரா அனுப்பாதீங்க. எடைய முதல்ல போன்லயே இன்டெக்ஸ்டுடிபில (பிரவுசருக்குள்ள இருக்கிற டேட்டாபேஸ்) எழுதுங்க, மாமாவுக்கு "பதிஞ்சாச்சு"ன்னு உடனே காட்டுங்க, அனுப்புற வேலை பின்னாடி நெட் வரும்போது நடக்கட்டும். ஒவ்வொரு எடைக்கும் போன்லயே ஒரு யூயூஐடி (வேற எதுக்கும் வராத அடையாள நம்பர்) குடுத்துடுங்க, டேபிள்ல அதையே ப்ரைமரி கீ (ரெண்டு தடவை வர முடியாத கட்டம்) ஆக்கி, ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்னு (ஏற்கனவே இருந்தா விட்டுடு) இன்சர்ட் பண்ணுங்க, அப்ப நாலு தடவை இல்ல நாப்பது தடவை வந்தாலும் ஒண்ணுதான் நிக்கும். பக்கம் நெட் இல்லாம திறக்க சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசர்ல பின்னாடி ஓடுற ஸ்கிரிப்ட்) வேணும். பிரவுசர் "ஆன்லைன்"னு சொல்றத நம்பாதீங்க, டவர்ல ஒட்டிட்டு இருந்தாலே அது ஆன்லைன்னுதான் சொல்லும், அனுப்பிப் பாத்து பதில் வந்தாத்தான் வந்துச்சுன்னு வெச்சுக்கணும்.

டெஸ்ட் பண்ணும்போது ஒரு விஷயம், லேப்டாப் ஐபிய போன்ல போட்டு வெறும் ஹெச்டிடிபில திறந்தா சர்வீஸ் வொர்க்கரும் வராது, கிரிப்டோ டாட் ரேண்டம் யூயூஐடியும் இல்லைம்பான். ரெண்டுக்கும் ஹெச்டிடிபிஎஸ் வேணும், இல்லாட்டி லோக்கல்ஹோஸ்ட். கோடு தப்புன்னு நெனச்சு ராத்திரி முழிக்காதீங்க.

கொழுந்துமூட்டை:

ஒரு வாரம் ஆச்சு, எல்லாம் பண்ணிட்டேன். ஃப்ளைட் மோட்ல போட்டு 30 எடை போட்டு, மேல ரோட்டுக்கு வந்து நெட் ஆன் பண்ணா வரிசையா ஏறுது, பாக்கவே சந்தோஷமா இருக்கு.

ஆனா இன்னிக்கு அத்தை மாசக் கணக்கு பாத்துட்டு கூப்பிட்டாங்க. ஒருத்தருக்கு ரெண்டு நாள் எடை, 18.5ம் 22ம். மொத்தம் 40.5 வரணும். ஆப்ல 18.522ன்னு இருக்கு. இன்னொருத்தருக்கு மூணு நாள் எடைக்கு ரெண்டு புள்ளி இருக்கு ஒரே நம்பர்ல. எஸ்க்யூலைட்ல இருந்தப்ப சரியா இருந்துச்சே, போஸ்ட்கிரஸுக்கு கூட்டத் தெரியாதா?

பழைய_சர்வர்காரன்:

போஸ்ட்கிரஸுக்கு தெரியும், நீதான் அத கூட்டச் சொல்லல. டேபிள்ல எடைக் கட்டத்த நியூமெரிக் (தசம நம்பர்) டைப்னு வெச்சிருப்ப. நோட்ல போஸ்ட்கிரஸ் டிரைவர் நியூமெரிக்க ஸ்ட்ரிங்காத்தான் (நம்பரா இல்லாம எழுத்தா) திருப்பிக் குடுக்கும், ஜாவாஸ்கிரிப்ட் நம்பர்ல துல்லியம் போயிடக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வெச்சிருக்காங்க. ஸ்ட்ரிங்க ப்ளஸ் போட்டா ஒட்டத்தான் செய்யும். கிலோவுக்கு பதிலா கிராம் ஆக்கி இன்டிஜர்ல (முழு எண்) வை, 18.5ங்கிறது 18500. மொத்தத்த எஸ்க்யூஎல் சம்லயே எடு, ஆனா அங்கயும் பாத்துக்கோ, இன்டிஜர சம் பண்ணா பிக்இன்ட் (பெரிய முழு எண்) ஆயிடும், அதையும் ஸ்ட்ரிங்காத்தான் குடுப்பான், நம்பர்னு சுத்தி எடுத்து, காட்டும்போது மட்டும் 1000ல வகு.

இத முதல்ல பாத்தது அத்தையா?

கொழுந்துமூட்டை:

அத்தைதான் அண்ணா. நோட்டு இன்னும் எழுதிட்டுதான் இருக்காங்க, ஆப்ல வர்ற ஒவ்வொரு நம்பரையும் பென்சில்ல டிக் போடுறாங்க. கிராமுக்கு மாத்திட்டேன், 40.5 வந்துருச்சு. கீழ இருந்து மாமா கத்துறாரு, வண்டி வந்துருச்சு போல, போய்ட்டு வரேன்.